காலையில் நீலம், சூடானால் கறுப்பு: ஒரு பழைய காரின் புகையும் கரண்டும்

வண்டி வாங்கிப் பதினோராவது நாள் மாப்பிள்ளை போன் பண்ணினான். என் மனைவியின் தம்பி. "மாமா, வண்டி புகை தள்ளுது. சனிக்கிழமையானா செல்ஃபும் எடுக்க மாட்டேங்குது. மெக்கானிக் இன்ஜினை இறக்கணுங்கிறார்."

2006 மாடல் கார். ஒரு லிட்டர் சொச்சம் பெட்ரோல் இன்ஜின், நாலு சிலிண்டர், எட்டு வால்வ். ஓடியது 1,18,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொன்னது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் நின்றிருந்ததை 72,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தான். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். பதினேழு வருஷம் ஓடிய எந்தக் காருக்கும் வரக்கூடியதுதான் இதற்கும் வந்தது. அதிலும் பாதி, நடுவில் கை வைத்தவர்கள் செய்த வேலை.

நான் கார் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் சர்வீஸ் பார்க்கிறவன். கரண்ட் அளக்கும் மீட்டர் பிடிக்கத் தெரியும், பொறுமை கொஞ்சம் உண்டு. மெக்கானிக் சொன்னது, "ரிங் போயிடுச்சுங்க, போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும், முப்பத்தஞ்சு ஆகும்." (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். போர் என்பது சிலிண்டரை உள்ளே கடைவது.) எலக்ட்ரீஷியன் சொன்னது, "டைனமோ சார்ஜ் ஏத்தலீங்க, மாத்திரலாம்." இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து பார்த்த நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்காது. கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவு. "ஒரு ரெண்டு ஞாயித்துக்கிழமை குடு மாப்ளை, பார்க்கலாம்" என்றேன். கடைசியில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

புகை ஒன்றல்ல, இரண்டு

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். புகையைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை நாமே முதல் தடவை ஸ்டார்ட் பண்ண வேண்டும். யாராவது முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் பாதிச் சாட்சி அழிந்துபோகும். பழைய கார் பார்க்கப் போகும்போது விற்கிறவர் இன்ஜினைச் சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படச் சொல்வது இதனால்தான். மாப்பிள்ளை வாங்கப் போனது மத்தியானம். வண்டி அப்போதுதான் கடைக்குப் போய் வந்ததாம்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் இருந்து நீலப் புகை, எண்ணெய் கருகிய வாடை. பதினைந்து விநாடி. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. அங்கேயே எனக்கு ரிங் மேல் சந்தேகம் குறைந்தது. ரிங் தேய்ந்த இன்ஜின் காலையில் மட்டும் புகைவிட்டுவிட்டு நல்ல பிள்ளையாக இருக்காது. லோடு ஏற ஏற, மேடு ஏறும்போது, கூடத் தள்ளும். ராத்திரி நின்று காலையில் மட்டும் தள்ளுகிறது என்றால், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டில் தேங்கிய ஆயில் வால்வ் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தடுக்க வேண்டியது வால்வ் சீல், விரல் நுனி அளவு ரப்பர்த் தொப்பி.

வண்டியை அணைக்காமல் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். (வெளியில் வைத்துத்தான். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனை செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.) இன்ஜின் சூடானதும் வேறொரு புகை ஆரம்பித்தது. மெலிசான கறுப்பு, கண்ணைக் கரிக்கும் பெட்ரோல் வாடை. சைலன்சர் வாயில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை ஒரு நிமிஷம் பிடித்தேன். காய்ந்த கரி, தேய்த்தால் பொடியாக வந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காலையில் பிடித்த துண்டில் பழுப்பு எண்ணெய்ப் புள்ளிகள் இருந்தன. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விஷயம் தெளிவானது. எல்லோரும் "புகை" என்று ஒரே வார்த்தையில் சொன்னது இரண்டு தனித்தனி வியாதி. நீலம் ஆயில் எரிவது. கறுப்பு பெட்ரோல் அதிகமாகப் போவது. மூன்றாவதாக வெள்ளை ஒன்று உண்டு, தண்ணீர் சிலிண்டருக்குள் போவது. அது இங்கே இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, மூடி திறந்து வைத்து ஓட்டியபோது குமிழியும் வரவில்லை.

ரிங் இல்லை என்பதை உறுதி செய்ய ஒரு சின்னப் பயணம் போனோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் கொஞ்ச தூரம். ஏறும்போது நான் பைக்கில் பின்னால் போனேன். நீலம் துளியும் இல்லை, கறுப்பு மட்டும். இறங்கும்போது அவனை இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வரச் சொன்னேன். அப்படி இறங்கும்போது காற்று நுழையும் கதவான த்ராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சும், உறிஞ்சுகிற வேகத்தில் ஆயிலும் வால்வ் தண்டு வழியாக உள்ளே வரும். சமவெளி வந்ததும் "இப்ப மிதி" என்று ஹாரன் அடித்தேன். ஒரு நீலப் பந்து என் முகத்தில் வந்து மோதியது. ஹெல்மெட் கண்ணாடி திறந்திருந்தது, என் தப்பு.

அடுத்த நாள் கம்ப்ரெஷன் பார்த்தோம், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, பெட்ரோல் பம்பு ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி. 168, 165, 160, 166 பிஎஸ்ஐ. குறைந்த மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தேன், 165 ஆனது. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் முப்பது நாற்பது எகிறும். முப்பத்தைந்தாயிரம் மிச்சம்.

கரண்ட் எந்த வழியாகப் போகிறது

செல்ஃப் விஷயத்துக்கு வந்தேன். டைனமோ மேல் கை வைப்பதற்கு முன் மீட்டரை அதன் வாயிலேயே வைத்தேன். இன்ஜின் ஓட, ஹெட்லைட் போட்டு, டைனமோ பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 14.2 வோல்ட். அருமையான டைனமோ. அதே நேரம் பாட்டரி முனைகளில் 12.9. 1.3 வோல்ட் வழியில் எங்கேயோ செத்துப்போகிறது. பிளஸ் பக்கம் பார்த்தேன், 0.1. அப்படியானால் மைனஸ் பக்கம்.

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் உடம்புக்கும் பாட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டே அதிகம். பாட்டரி கொடுப்பதில் 2 வோல்ட் திரும்பி வரும் வழியிலேயே போனால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? இன்ஜின் ஓடும்போது அதே இடத்தில் மீட்டர் மைனஸ் குறி போட்டுக் காட்டியது. செல்ஃப் அடிக்கையில் கரண்ட் இன்ஜினை விட்டு பாட்டரிக்குத் திரும்புகிறது. சார்ஜ் ஏறுகையில் அதே வழியில் எதிர்ப்பக்கமாகப் போகிறது. குறி மாறுவதைப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று ஒரு நிம்மதி.

சரி, எர்த் எங்கே? இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதற்கு இரும்புத் தொடர்பு கிடையாது. அதனால்தான் பாட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு கேபிள் வரும். பாடி கேபிள் இருந்தது. கியர் பாக்ஸ் கேபிள் பாட்டரித் தட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது, நுனி வளையத்தில் கரியும் மண்ணும். கியர் பாக்ஸில் அது உட்கார வேண்டிய போல்ட் துளை காலியாக, சேறு அடைத்துக் கிடந்தது. எப்போதோ ஹெட் வேலைக்குக் கழற்றினவர் மாட்ட மறந்துவிட்டார்.

அப்படியானால் இவ்வளவு நாள் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆனது? இதற்குப் பதில் கிடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று தடவை செல்ஃப் அடித்துவிட்டு கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். உறை இதமாகச் சுட்டது. செல்ஃபுக்குப் போகும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட், போக வேறு வழியில்லாமல் கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பி வழியாகவும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் பாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி, கேபிள் இறுகும். விற்றவர் பெருமையோடு கொடுத்த பில் கட்டில் பதினாலு மாதத்துக்குள் இரண்டு கிளட்ச் கேபிள் மாற்றியிருந்ததை மாப்பிள்ளை அப்போது நினைவுபடுத்தினான்.

துளையைச் சுத்தம் செய்து, வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். 2.1 வோல்ட் 0.15 ஆனது. செல்ஃப் சத்தமே மாறிவிட்டது.

ஆனால் அடுத்த சனிக்கிழமை வண்டி மறுபடியும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை திருப்பூருக்கு பஸ்ஸில் போகிறவன். வண்டி ஐந்து நாள் சும்மா நிற்கும். நிற்கும்போது ஏதோ குடிக்கிறது. பாட்டரி மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் போட்டு, கதவெல்லாம் சாத்தி, அரை மணி நேரம் காத்திருந்தேன். 0.18 ஆம்பியர். கடிகாரம், செட், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்தாலும் 0.03, மிஞ்சினால் 0.05. கணக்குப் போடுங்கள்: 0.18 என்றால் ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர்-மணி, ஐந்து நாளில் 21 சொச்சம். பாட்டரியே 35 தான்.

வழக்கமான முறை, ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி மீட்டர் எதில் இறங்குகிறது என்று பார்ப்பது. பிடுங்கினேன். கடைசி ஃப்யூஸும் வெளியே வந்தபோது மீட்டர் இன்னும் 0.15 காட்டியது. வேர்த்துவிட்டது. எல்லா ஃப்யூஸும் கையில், கரண்ட் மட்டும் ஓடுகிறது! அப்புறம்தான் உறைத்தது: ஃப்யூஸ் பெட்டிக்கே போகாமல் பாட்டரி கிளாம்பிலிருந்து நேரே ஏதோ கிளம்புகிறது. கிளாம்பு நட்டுக்கடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ரேடியேட்டர் பக்கம் டேப்பில் கட்டித் தொங்கவிட்ட ஒரு வெளி ரிலே, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். தொட்டேன். சாவி போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, ரிலே வெதுவெதுப்பாக இருந்தது.

அது ஃபேன் ரிலே. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு, விற்றவர் "இதை எப்பவும் ஆன்லயே வெச்சுக்குங்க தம்பி, ஃபேன் ஓடும்" என்று சொல்லியிருந்தார். ஒயர் கட்டியவர் ரிலேயில் 30 என்று எழுதிய முனையையும், அதை இயக்கும் காயிலின் 86 என்ற முனையையும் மாற்றிப் போட்டுவிட்டார். 30-க்கு பாட்டரியிலிருந்து பெரிய ஒயர் வர வேண்டும், காயிலுக்கு சாவிக்குப் பின்னாலிருந்து சின்ன ஒயர் வர வேண்டும். இங்கே தலைகீழ். சாவியை எடுத்ததும் ஃபேன் நின்றுவிடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் காயில் மட்டும் ராத்திரி பகலாக 0.15 ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஃபேன் இழுக்கிற எட்டு ஒன்பது ஆம்பியரோ இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் போய், அந்த ஃப்யூஸ் உட்காரும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பாட்டரி ஒயரில் ஃப்யூஸும் கிடையாது. எங்காவது உரசியிருந்தால் புகை வேறு இடத்திலிருந்து வந்திருக்கும்.

கறுப்பும், நான் வீணாக்கிய 2,400 ரூபாயும்

எர்த் சரியானதும் கறுப்புப் புகையும் போய்விடும் என்று உள்ளூர நம்பினேன். போகவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் துடைத்தேன், நாலும் கரி பூசிக் கிடந்தன. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்றால் ஆக்ஸிஜன் சென்சார் என்று யாரோ சொல்ல, சோதிக்காமல் வாங்கி மாட்டினேன். 2,400 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. மற்றவர்களைப் பார்த்து நான் முணுமுணுத்ததையே நானும் செய்தேன்.

செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றியிருப்பார்களோ என்றும் பார்த்தேன். சாவி போட்டதும் எரிந்து அணைந்தது, பல்பு இருக்கிறது. ஆன்லைனில் விற்கும் சின்ன ஸ்கேனர் இந்த வண்டியோடு பேசவே இல்லை. அது பேச வண்டியில் ஓபிடி என்ற, கோளாறைத் தானே கண்டு சொல்லும் அமைப்பு வேண்டும். இந்தியாவில் கார்களுக்கு அது கட்டாயமாகத் தொடங்கியது 2010-இலிருந்துதான்.

துப்பு கொடுத்தது ஐடிலிங், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம். நன்றாகச் சூடான பிறகும் 1,100-க்குக் கீழே இறங்கவில்லை, காலையில் குளிரில் நிற்கும் வேகம். இன்ஜின் கம்ப்யூட்டர் இன்னும் தான் குளிரில் இருப்பதாகவே நினைக்கிறதோ? தண்ணீரின் சூட்டை அதற்குச் சொல்வது ஒரு சென்சார். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும்: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 பக்கம். சூடான இன்ஜினில் சென்சாரின் கப்ளரை, அதாவது ஒயர் நுனியில் செருகும் பிளக்கை, கழற்றி அளந்தேன், 310. சென்சார் நல்லது. கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றி அதே இரண்டு ஒயரை அங்கே அளந்தேன். 1,480.

நடுவில் 1,170 ஓம். இரண்டு பின் கப்ளரை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இல்லை. வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் பைப்பை அடித்து அடித்து ஏறிய ஈரமாக இருக்க வேண்டும். 1,480 ஓம் என்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் 30, 35 டிகிரியில் இருக்கிறது. நம்பத்தகுந்த எண், அதனால் கோளாறு என்று விளக்குப் போடாது. குளிர் இன்ஜினுக்கு ஊட்டுவதுபோல் பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஒயர் அறுந்திருந்தால் என்றைக்கோ விளக்கு எரிந்து கண்டுபிடித்திருப்பார்கள்.

நம்பிவிடாமல் ஒரு சோதனை. ரேடியோ கடையில் வாங்கிய 330 ஓம் ரெசிஸ்டரை, பச்சையைச் சுரண்டிய கப்ளரில் சென்சாருக்குப் பதிலாகச் செருகினேன், இன்ஜின் சூடாக. ஐடிலிங் 800-க்கு இறங்கியது. ஒரு நிமிஷத்தில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே நின்றது. புதுக் கப்ளர் 120 ரூபாய்.

புதுக் கப்ளர் மாட்டி, வெளி ரிலேயைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

நானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஃபேனை ஓட்டுவதும் அதே கம்ப்யூட்டர்தான். இன்ஜின் 35 டிகிரி என்று நினைப்பது ஃபேனை எதற்குப் போடும்?

பில் கட்டை எடுத்து பானெட் மேல் தேதி வாரியாகப் பரப்பினோம். 2019-இல் "ஃபேன் செக்கிங்". இரண்டு மாதம் கழித்து ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு), ஹெட் லெவல் பண்ணிய லேத் கூலி. அதே பில்லின் அடியில் "ஃபேன் டைரக்ட் - 650". அதற்குப் பின் கிளட்ச் கேபிள், பாட்டரி, டைனமோ ரிப்பேர், மறுபடி கிளட்ச் கேபிள், மறுபடி பாட்டரி. கப்ளர் களிம்பேறியதில் ஃபேன் நின்றது, இன்ஜின் கொதித்தது, கேஸ்கட் போனது, ஹெட்டை இறக்கியவர் எர்த்தை மாட்டாமல் விட்டு, ஃபேனைத் தலைகீழாக டைரக்ட் கொடுத்தார். அன்று கொதித்த சூட்டில்தான் வால்வ் சீல் ரப்பரும் இறுகியிருக்கும் என்பது என் ஊகம். வயசும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹெட் கையில் இருந்தபோதே எட்டு சீலையும் மாற்றாததுதான் எனக்கு ஆறவில்லை.

சீலை எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஹெட்டை இறக்காமலே மாற்றிக் கொடுத்தார். பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே தள்ளினால் கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கும், ஸ்பிரிங்கைக் கழற்றலாம். பழைய சீல் நகம் இறங்காமல் புளியங்கொட்டை மாதிரி இருந்தது. சீல் 480, கூலி 3,500.

புகைச் சோதனைக்குப் போனோம். பாரத் ஸ்டேஜ் 2 என்ற பழைய மாசு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கப்ளர் மாற்றும் முன் 2.9 காட்டியது, இப்போது 0.3. விற்றவர் கொடுத்த பழைய சர்டிபிகேட்டும் பாஸ் என்றுதான் சொல்லியது. அது எப்படி என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் மட்டும் மெலிசாக ஒரு நீலக் கோடு இன்னும் வருகிறது. மூன்றாவது சிலிண்டரில் வால்வ் தண்டைப் பிடித்திருக்கும் குழாயான வால்வ் கைடே கொஞ்சம் ஆடுகிறது என்றார் பெரியவர். ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறு மில்லி ஆயில் குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஃபேன் சுவிட்சை மட்டும் கழற்றவில்லை, கழற்றினால் டேஷ்போர்டில் ஓட்டை தெரியும் என்றான் மாப்பிள்ளை. பின்னால் ஒயர் எதுவும் இல்லை. போன வாரம் மேட்டுப்பாளையம் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டியபோது, பேசிக்கொண்டே கையை நீட்டி அதை ஆன் பண்ணினான்.